தெரிஞ்சவங்க வூட்டுப் பொண்ணு

அம்சவேணிக்கு ஐந்தாம் மாதம் பூ முடிக்க வந்த பெண்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

சித்தூர் பஜாருக்குப் பின்னால், சம்பத் குடியிருந்த வீட்டின் கூடத்தில் பாய் விரித்து அவளை உட்கார வைத்திருந்தார்கள். சம்பத்தின் அத்தை ரத்தினம்மா நகரியிலிருந்து தாழம்பூவும் சந்தனமும் கொண்டு வந்திருந்தாள். முதல் சந்தனம் அவளுடையது. கன்னங்களில் தடவினாள், கைகளில் தடவினாள். கழுத்தில் தடவுவதற்காக முந்தானையை விலக்கப் போனபோது அம்சவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும் அத்தை.”

“இன்னாடி போதும்? வெக்கமா?” என்று சிரித்துக்கொண்டே ரத்தினம்மா துணியை இழுத்துவிட்டாள். சந்தனம் தோய்ந்த விரல்கள் கழுத்தின் வலப்பக்கம் போய் நின்றன. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தாள்.

“இது இன்னாது? நெல்லிக்கா மாதிரி கட்டியா கீதே. கிருஷ்ணம்மா, இங்க வா. உன் மருமவளுக்குக் கழலை கீது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

சம்பத்தின் அம்மா கிருஷ்ணம்மா சமையற்கட்டிலிருந்து வந்து பார்த்தாள். மற்ற பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். எச்சிலை விழுங்கும்போது அந்தக் கட்டியும் மேலே ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டாள். சந்தனம் கழுத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

“பொண்ணு பாக்கப் போனப்போ கழுத்து நெறைய அட்டிகை போட்டிருந்தாளே, அதுக்குத்தானா?” என்றாள் ரத்தினம்மா. அவள் மெதுவாகச் சொல்லவில்லை. வாசலில் நின்று நகரி உறவுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த சம்பத்தின் காதில் அது தெளிவாக விழுந்தது. அவனோடு பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

சம்பத் நெசவாளர் சொசைட்டியின் துணிக்கடையில் விற்பனையாளன். கடைக்கு வருபவர்களிடம் தெலுங்கிலும் தமிழிலும் சரளமாகப் பேசுவான். ஆந்திராவும் மதராஸும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், எல்லைக் கமிட்டிக் கூட்டங்களில் நகரி மதராஸோடுதான் சேர வேண்டும் என்று மேடையேறிப் பேசியதால் சொந்தக்காரர்கள் நடுவில் அவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பின் மேல் யாரோ சாணியை வாரி அடித்துவிட்டது போல அன்று அவனுக்கு இருந்தது.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உள்ளறைக்குள் போனான். அம்சவேணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“கல்யாணத்துக்கு மின்னாடியே இருந்ததா?”

“இருந்தது. அப்போ கடலை அத்தினிதான் இருந்தது.”

“ஏன் சொல்லல?”

“அம்மா சொல்ல வேணாம்னாங்க.” சற்று நிறுத்திவிட்டு, “நானும்தான் சொல்லல” என்றாள். அவள் குரல் கரகரத்தது. ஒரு மாதமாகவே அப்படித்தான் இருந்தது. சளி என்று அவன் நினைத்திருந்தான். தூங்கும்போதுகூட அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிக்கொண்டதும், கழுத்தருகே அவன் கை போனால் விலகியதும் இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அதைக் கூச்சம் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவன் அவன்.

“புத்தூர்ல அவ அம்மா வூட்ல கொண்டு போய் வுடு. கொழந்த பொறக்கட்டும். மத்தது அப்பறம் பாத்துக்கலாம்” என்றாள் கிருஷ்ணம்மா கூடத்திலிருந்து.

அந்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினான். சித்தூரில் ரயிலேறி பாகாலா வழியாகத் திருப்பதி போய், அங்கிருந்து ரேணிகுண்டா போய்ப் புத்தூர் வண்டியைப் பிடிக்க வேண்டும். பாகாலா ஜங்ஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. இட்லிப் பொட்டலம் ஒன்றை வாங்கி அவள் பக்கம் நகர்த்தினான். அவள் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள். விழுங்கும்போது கண்ணில் நீர் வந்தது. இருமிவிட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

“துன்னேன். வாயும் வயிறுமா கீற.”

“எறங்கல.”

பாசாங்கு என்று அவன் நினைத்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

திருப்பதி ஸ்டேஷனில் மொட்டைத் தலைகளும் மூட்டைகளுமாக யாத்திரைக் கூட்டம். அவளை ஒரு தூணருகே நிற்க வைத்துவிட்டு ரேணிகுண்டா வண்டியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தான். அப்போது “இன்னாப்பா சம்பத்து!” என்று ஒரு குரல் கேட்டது.

வரதராஜன் வந்துகொண்டிருந்தார். நகரி சொசைட்டியின் டைரக்டர், எல்லைக் கமிட்டியில் பெரிய ஆள். சம்பத்தை மேடையேற்றிப் பேச வைத்தவரே அவர்தான். மதராஸில் மந்திரிகளைப் பார்க்கப் போயிருந்ததால் அவனுடைய கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை.

“திருத்தணி அந்தப் பக்கம் போறது நெச்சயமாயிடுச்சுப்பா. நம்ம நகரிதான் இங்கியே நின்னுடும் போல கீது. இன்னொரு மனு குடுக்கலாம்னு கையெழுத்து வாங்கிக்கினு இருக்கேன்” என்று ஆரம்பித்தவரின் பார்வை அம்சவேணி மேல் விழுந்தது. ரயில் காற்றில் அவள் முந்தானை நழுவியிருந்தது. அவர் கண் கழுத்தில் போய் நின்றதைச் சம்பத் பார்த்தான்.

“இது யாரு?”

யோசித்துச் சொன்னதாகச் சம்பத்தால் பிற்பாடு நினைக்க முடியவில்லை. வார்த்தை தானாக வந்தது.

“தெரிஞ்சவங்க வூட்டுப் பொண்ணுங்கண்ணா. புத்தூர் வரிக்கும் தொணைக்கு வரேன்.”

அம்சவேணி கைக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானையைக்கூட சரி செய்யவில்லை.

வரதராஜன் குரலைத் தாழ்த்தினார். “மாசமா வேற கீது. இந்தக் கழுத்துக் கட்டிய சும்மா வுடக் கூடாதுப்பா. என் தங்கச்சிக்கு இதே மாதிரி வந்து, வெறும் கழலைதான்னு வுட்டுட்டோம். கடைசில மூச்சு வுட முடியாம போயிட்டா. இங்க ஆஸ்பத்திரில நாகபூஷணம்னு ஒரு டாக்டர் கீறாரு. மதராஸ்ல படிச்சவரு. கழுத்து ஆபரேஷன் நல்லா செய்வாரு. இவ புருசன்கிட்ட சொல்லு. சும்மா இருக்க வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

சம்பத் ரேணிகுண்டா வண்டி வரும் பக்கம் பார்த்தான்.

“சொல்றேங்கண்ணா. அவருகிட்ட நானே சொல்றேன்” என்றாள் அம்சவேணி, அந்த உடைந்த குரலில்.

வரதராஜன் அவளைப் பார்த்து பரிவோடு தலையசைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். ரேணிகுண்டா வண்டி வந்து நின்றது. சம்பத் பெட்டியைத் தூக்கினான். அவள் அசையவில்லை.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். வழி கேட்டுக்கினு போய்க்குவேன். நீங்க வரதுன்னா வாங்க.”

அவள் நடந்தாள். பெட்டியோடு அவன் பின்னால் போனான். வழியெல்லாம் அவளைக் கூப்பிட அவனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து ‘இந்தா’ என்றும் ‘ஏய்’ என்றும்தான் கூப்பிட்டிருந்தான்.

டாக்டர் நாகபூஷணம் நரைத்த மீசைக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். அவளை முக்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று இரண்டு கைகளாலும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்த்தார். கட்டிக்கு மேலே, காதுக்குக் கீழே இன்னும் சிறிய முடிச்சுகள் இரண்டு இருப்பதை அவர் விரல்கள் கண்டுபிடித்தன. கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்:

“மீ ஆயன ராலேதாம்மா? புருஷன் வரல?”

“வரல” என்றாள் அம்சவேணி.

“இவரு யாரு?”

“தெரிஞ்சவங்க. தொணைக்கு வந்தாங்க.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சம்பத் தனக்கு என்ன முறையென்று அவனே சொன்னதை அவள் ஏற்றுக்கொண்டதைப் போல இருந்தது. அந்தச் சின்ன அறையில், கதவோரம் நின்ற நர்ஸின் முன்னால், அவன் காது மடல்கள் எரிந்தன.

“அப்போ புருஷனை வரச் சொல்லணும். அவரு இல்லாம இதுல கத்தி வைக்க முடியாது. சீக்கிரம் வரணும்” என்றார் டாக்டர்.

“நான்தாங்க” என்றான் சம்பத்.

“என்ன?”

“நான்தான் புருசன்.”

டாக்டர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நர்ஸ் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “கூர்ச்சோ” என்று நாற்காலியைக் காட்டினார் டாக்டர். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று சம்பத்துக்குத் தோன்றியது.

காதுக்குக் கீழே இருந்த முடிச்சு ஒன்றை மறுநாள் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்து, சோதனைக்கு மதராஸ் அனுப்பினார்கள். பதில் வரும்வரை அவள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். புத்தூருக்குச் சொல்லியனுப்ப, அம்சவேணியின் அம்மா சந்திரம்மா வந்து சேர்ந்தாள். வார்டு வராந்தாவில் மருமகனைப் பார்த்ததும் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“தப்பு என்னுதுதான் மாப்ளே. ரெண்டு எடத்துல பாத்துட்டு வேணாம்னு போயிட்டாங்க. அதான் அட்டிகைய போட்டு மறைச்சேன். அவ வேணாம்னு அழுதா. நான்தான் அடிச்சு உக்கார வெச்சேன்.”

“எழுந்திருங்க” என்றான் சம்பத். அவளை மன்னிக்கும் தகுதி தனக்கு இல்லை என்பதை எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் சித்தூருக்கு வந்தான். “புத்தூர்ல வுட்டுட்டியா?” என்று அம்மா கேட்டபோது, “உம்” என்றான். அதுவும் பொய்தான். ஒவ்வொரு ஞாயிறும் சொசைட்டி வேலை என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போய் வந்தான். அம்சவேணி அவனிடம் தேவையானதை மட்டும் பேசினாள். தண்ணீர் வேண்டும், ஜன்னலைச் சாத்துங்க, வயிற்றில் பிள்ளை உதைக்குது. கடைசியாகச் சொன்னதைக்கூட அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

மதராஸிலிருந்து பதில் வந்த அன்று டாக்டர் இருவரையும் அழைத்தார். அம்சவேணியை வெளியே அனுப்பிவிட்டுப் புருஷனிடம் மட்டும் சொல்லலாம் என்று நர்ஸ் சொன்னதற்கு, “இல்ல, என் கழுத்துதானே, நானும் கேக்கறேன்” என்றாள் அவள்.

“கான்சர்ம்மா” என்றார் டாக்டர். “ஆனா இதுல மெதுவாப் போற வகை ஒண்ணு இருக்கு. உனக்கு அதுதான். முழுசா எடுத்துட்டா நல்லா இருப்பே. பிரசவம் ஆகட்டும்னு சில பேருக்கு விட்டு வைப்போம். உனக்கு இப்பவே தொண்டையை அமுக்குது, குரலும் போய்ட்டிருக்கு. இந்த மாசத்துல ஆபரேஷன் செஞ்சா குழந்தைக்கும் ஆபத்து குறைவு. ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“பிள்ளைக்கு ஒட்டிக்குமா?”

“லேதம்மா. ஒட்டாது.”

“நான் மறைச்சதனால வந்ததா?”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மறைச்சதனால நீ லேட்டா வந்தே. அவ்வளவுதான். நோய் யாரு செஞ்ச தப்பையும் பார்த்து வராது.”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சம்பத்தின் மனதில் ஒரு நினைப்பு ஓடியது. ஆபரேஷன் மேசையிலேயே இவள் போய்விட்டால், பூ முடிப்பும் அட்டிகையும் ஸ்டேஷனில் சொன்ன வார்த்தையும் எல்லாமே அதோடு முடிந்துபோகும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கண்ணிமைக்கும் நேரம்தான் அந்த நினைப்பு இருந்தது. ஆனால் வந்தது. பக்கத்தில் அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்து வெளியே போய் வராந்தாக் குழாயில் முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

இதை அவன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுச் சித்தூருக்கு வந்தான். மறுநாள் கடையில் நல்ல கூட்டம். துண்டு வாங்க வந்தவர்களுக்கு நடுவே வரதராஜன் வந்து நின்றார். மனுவைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பும்போது நினைவு வந்தவராகத் திரும்பினார்.

“ஆமா, அந்தப் பொண்ணு எப்படி கீது? அவ புருசன்கிட்ட சொன்னியா?”

இன்னொரு பொய் சொல்வது எளிது. புருஷன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னால் போதும். சம்பத் விரித்துக் காட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான்.

“அது என் பொண்டாட்டிங்கண்ணா. கழுத்தப் பாத்து வெக்கப்பட்டு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். கான்சர்னு சொல்லிட்டாங்க. வர வியாழக்கெழம ஆபரேஷன்.”

துண்டு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அந்தப் பொண்ணு கேட்டுக்கினு இருந்ததேப்பா” என்றார் வரதராஜன். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்த எந்தக் கூட்டத்துக்கும் அவர் சம்பத்தைப் பேசக் கூப்பிடவில்லை. அவனும் போகவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொன்னான். கிருஷ்ணம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கான்சர் என்றதும் முறம் நின்றது.

“புத்தூர்ல கீறான்னு சொன்னியேடா.”

“பொய் சொன்னேன்.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள். “அட்டிகை போட்டு ஏமாத்திட்டாங்கன்னு அத்தினி பேரு நடுவுல கத்தினாளே ரத்தினம்மா. அவளுக்குத் தெரியும். உன் நைனா எப்படிப் போனாருன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காசம்னு சொன்னமா நாம? பொண்ணு கேக்கப் போனப்போ மாரடைப்புன்னுதானே சொன்னோம்? நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்தே?”

உட்கார்ந்திருந்தான். அப்பா அறையில் இருமிக்கொண்டே கிடந்ததும், அவருடைய தட்டைத் தனியாக வைத்ததும் அவனுக்கு மறந்துபோகவில்லை. ஆனால் அதையும் அட்டிகையையும் சேர்த்துவைத்துப் பார்க்க இத்தனை நாள் அவனுக்குத் தோன்றவே இல்லை.

“வியாழக்கெழம நானும் வரேன். எந்த மூஞ்ச வெச்சிக்கினு வரதுன்னு தெரியல. ஆனா வரேன்” என்றாள் கிருஷ்ணம்மா.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்து மதியத்துக்கு மேலும் நீண்டது. இரண்டு சம்பந்திகளும் வராந்தாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மதியம் கிருஷ்ணம்மா எழுந்து போய் சந்திரம்மாவின் கையில் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

டாக்டர் வெளியே வந்து, “ரெண்டு பேரும் பத்திரம். ஆனா குரல் நரம்பு ஒண்ணு கட்டியோட ஒட்டிக்கிட்டிருந்தது. அதைக் காப்பாத்த முடியல” என்றார்.

அம்சவேணி பிழைத்தாள். முதலில் விரல்கள் மரத்து இழுத்துக்கொண்டன; ஊசி போட்டார்கள், சரியானது. ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை விழுங்க வேண்டும் என்றார்கள். குரல் மட்டும் போனது போனதுதான். காற்றும் சொல்லும் கலந்த மாதிரி ஒரு மெல்லிய ஓசை வந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் கேட்கும். அப்படிக் குனிந்த முதல் நாள், தான் சொல்ல வேண்டும் என்று பல நாளாக வைத்திருந்ததைச் சம்பத் சொன்னான்.

“ஸ்டேஷன்ல அப்படி சொன்னதுக்கு…”

அவள் தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம் என்பது போல. மன்னித்துவிட்டதால் வேண்டாம் என்கிறாளா, கேட்க விருப்பமில்லாமல் வேண்டாம் என்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கும் தைரியமும் வரவில்லை.

பங்குனியில் அதே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. திருத்தணி மதராஸோடு சேர்ந்ததையும் நகரி ஆந்திராவிலேயே நின்றதையும் வார்டில் யாரோ பத்திரிகையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். சம்பத் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டான். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அம்சவேணி புத்தூருக்குப் போய்ப் பிள்ளையோடு ஆடி மாதம்வரை அங்கேயே இருந்தாள். திரும்பி வருவாளா என்று சம்பத்துக்குச் சந்தேகம் இருந்தது. வந்தாள். கிருஷ்ணம்மாவே போய் அழைத்து வந்தாள். கழுத்தின் குறுக்கே சிவந்த தழும்பு இருந்தது. குழாயடியில் பெண்கள் கேட்டால், “கான்சர். அறுத்து எடுத்தாங்க” என்று அந்தக் காற்றுக் குரலில் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வருவாள். உள்ளே இருந்து கேட்கும் சம்பத்துக்குத்தான் உடம்பு கூசும். அந்தக் கூச்சத்துக்காக மறுபடி தன் மேலேயே வெறுப்பு வரும்.

ஒரு ஞாயிறு காலை குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு அம்சவேணி வெந்நீர் எடுக்கப் போயிருந்தாள். குழந்தை அவன் மடியில் கிடந்து காலை உதைத்துச் சிரித்தது. சம்பத் மார்பிலும் கைகளிலும் எண்ணெய் தடவினான். பிறகு கழுத்து மடிப்புகளுக்குள் விரலைவிட்டு, வலப்பக்கமும் இடப்பக்கமும் காதுக்குக் கீழேயும் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தான்.

நிமிர்ந்தபோது அம்சவேணி வெந்நீர்த் தவலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் தவலையை இறக்கிவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்து, அவன் காதருகே குனிந்தாள்.

“ஒண்ணும் இல்ல. நானும் தெனம் பாக்கறேன்.”

பிறகு கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்துக் குழந்தையின் முதுகில் தேய்க்க ஆரம்பித்தாள்.